ரயில் சக்கரத்துக்கு ஏன் கவசம் போடுவதில்லை?

ஒருவர் கேட்ட கேள்வி இது: என் அண்ணன் ஒரு சிமென்ட் ஆலையின் ரயில் சைடிங்கில், அதாவது ஆலைக்குள் வரும் கிளைத் தண்டவாளத்தில், ஒப்பந்தத் தொழிலாளி. கூட வேலை பார்த்தவருக்கு, நின்றுகொண்டிருந்த வேகன் திடீரென்று நகர்ந்து, முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. லாரிக்குப் பக்கவாட்டில் தடுப்புக் கம்பி வைக்கிறார்கள், சைக்கிளுக்குக்கூடச் செயின் கவர் இருக்கிறது. ரயில் சக்கரத்துக்கு ஒரு தகடு அடித்து மூடினால் அந்தக் கால் தப்பியிருக்காதா?

நான் முப்பத்தோரு வருடம் ரயில்வேயில், பெட்டிகளையும் வேகன்களையும் பராமரிக்கும் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த வருடங்களில் பெரும்பகுதி சக்கரங்களுக்குப் பக்கத்தில் குனிந்தபடி கழிந்தது. அதனால் இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

சுருக்கமான பதில்: சில வண்டிகளுக்குச் சக்கரத் தடுப்பு உண்டு, நன்றாகவே காப்பாற்றுகிறது. சரக்கு வேகனுக்கு அது உதவாது. உங்கள் அண்ணனின் சைடிங்கில் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. நின்ற வேகன் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும். நகரும் வேகனுக்கு எதிரே ஆள் போக வேண்டிய வேலையே இருக்கக் கூடாது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முழுச் சுமையோடு நிற்கும் ஒரு மூடு வேகனின் மொத்த எடை 91 டன்னுக்கு மேல் போகும். எட்டுச் சக்கரம், ஒவ்வொன்றின் மேலும் பதினொரு டன்னுக்குக் கூடுதல். அவ்வளவு எடையும் தண்டவாளத்தில் இறங்கும் இடம் ஒரு கட்டைவிரல் நகம் அளவுதான், ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். லாரி டயர் கொஞ்சம் நசுங்கிப் பரவும். இரும்பு பரவாது. போதாததற்கு, சக்கரத்தின் உள்விளிம்பில் பிளேஞ்ச் என்ற உதடு இருக்கிறது. புதுச் சக்கரத்தில் அது தண்டவாள மட்டத்துக்குக் கீழே 28.5 மி.மீ. இறங்கி ஓடும். தண்டவாளம் ஒரு அலகு, பிளேஞ்ச் இன்னொரு அலகு என்று கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்யும். இதற்கு வேகமே தேவையில்லை. குழந்தை தவழும் வேகம் போதும். சத்தமும் வராது. இப்போதுள்ள வேகன்கள் எல்லாம் ரோலர் பேரிங்கில் ஓடுகின்றன. லேசான சரிவில் விட்டால் எண்ணெய் தடவியது போல நகரும். முதுகு காட்டி நிற்பவருக்கு வேகன் வருவது தெரியவே தெரியாது.

சரி, தடுப்பு எங்கே பலன் தந்திருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் டிராம். 1890-களில் மின்சார டிராம் வந்தபோது நகரத் தெருக்களில் சக்கரத்தடியில் சிக்கியவர்கள் ஏராளம். அமெரிக்காவின் புரூக்ளினில் ஊர்க்காரர்களுக்கே 'டிராமுக்கு ஒதுங்கி ஓடுகிறவர்கள்' என்ற பட்டப்பெயர் வந்தது. அங்கிருந்த பேஸ்பால் அணியின் டாட்ஜர்ஸ் என்ற பெயர் அதிலிருந்து பிறந்ததுதான். அந்தக் காலத்தில்தான் டிராமுக்கு 'லைஃப்கார்டு' வந்தது. ஹட்சன்-பவ்ரிங் என்ற வகை பரவலாகப் பயன்பட்டது. முன்னால் ஒரு மரச்சட்டக் கதவு தளர்வாகத் தொங்கும். விழுந்த ஆளின் மேல் அது பட்டதும், பின்னால் சக்கரத்துக்கு முன்பாக இருக்கும் ஒரு தட்டு கீழே விழுந்து தெருவை உரசிக்கொண்டு போகும். ஆள் அந்தத் தட்டில் ஏறிக்கொள்வார். லிவர்பூல் நகரில் இன்னொரு வகை இருந்தது. சக்கரங்களைச் சுற்றிலும் ஏர்க்கொழு வடிவத்தில், தரையை ஒட்டி, மரப்பலகை அடைத்திருப்பார்கள். விழுந்தவரை அது பாதைக்கு வெளியே ஒதுக்கித் தள்ளும்.

இரண்டாவது, இரும்பாலைகளிலும் பட்டறைகளிலும் தண்டவாளத்தில் ஓடும் கிரேன்கள். கிரேன் சக்கரத்துக்கு முன்னால், தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கும் கீழே இறங்கும்படி ஒரு இரும்புத் தடுப்பு வைத்திருப்பார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில் மேல்நிலை கிரேன்களுக்கு இது கட்டாயம். தண்டவாளத்தில் வைத்த கையையும் சரி, மறந்துவிட்ட போல்ட்டையும் சரி, சக்கரம் தொடுவதற்கு முன்பே இது தள்ளிவிடும்.

மூன்றாவது, எஞ்சினின் முதல் சக்கரத்துக்கு முன்னால் தொங்கும் கனத்த இரும்புப் பட்டை. தண்டவாளக் காப்பு என்ற பொருளில் ரயில் கார்டு என்போம். நம் எஞ்சின் எதிலும் பார்க்கலாம். ஆனால் அது இருப்பது ஆளைக் காக்க இல்லை, வண்டியைக் காக்க. தண்டவாளத்தில் கல்லோ கட்டையோ கிடந்து சக்கரம் ஏறிவிட்டால் வண்டி தடம் புரளும், அதைத் தடுக்கத்தான். பிரிட்டனில் இதற்கும் 'லைஃப்கார்டு' என்றே பெயர் என்பதால் பலர் குழம்புகிறார்கள்.

டிராமுக்கும் கிரேனுக்கும் பொதுவானது என்ன? டிராம் ஓடுவது தெருவின் மட்டத்தில் பதித்த தண்டவாளத்தில், வழவழப்பான தரையில். விழுந்தவரின் உடல் தரையில் சறுக்கும், தள்ளினால் போகும். கிரேன் ஓடுவது நேர்க்கோட்டில், மெதுவாக, வளைவோ, பாதை பிரியும் பாயிண்டோ, தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராசிங்கோ இல்லாத பாதையில். அதனால் தடுப்பைத் தண்டவாளத்தை ஒட்டி இறக்க முடிகிறது. வேகன் யார்டில் இந்த இரண்டும் கிடையாது.

யார்டின் தரை ஜல்லியும் ஸ்லீப்பர் கட்டையும். விழுந்தவரைத் தள்ளினால் உடல் சறுக்காது. ஜல்லியில் குத்திக்கொண்டு நிற்கும், தடுப்பு அவரை மடக்கி உருட்டி உள்ளே இழுக்கும். வெட்டுவதற்குப் பதிலாக நசுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது இடைவெளிக் கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் சரக்கு வேகன்களில் பெரும்பாலானவற்றின் சக்கரம் புதிதாக வரும்போது 1000 மி.மீ. விட்டம். தேய்ந்து தேய்ந்து 906 மி.மீ. வரை ஓடலாம், அதற்குமேல் கழித்துவிட வேண்டும். ஆரத்தில் கணக்குப் போட்டால் 47 மி.மீ. தேய்மானம். தடுப்பை வேகன் உடம்பில் மாட்டினால் ஸ்பிரிங் அமுங்குவதும் சேர்ந்துகொள்ளும். சக்கரங்களைத் தாங்கும் போகியின் பக்கச் சட்டத்தில் மாட்டினால் ஸ்பிரிங் தொல்லை இல்லை, ஆனால் இந்த 47 மி.மீ.யிலிருந்து தப்ப முடியாது. புதுச் சக்கரத்தில் தண்டவாளத்துக்கு மேலே 60 மி.மீ. உயரத்தில் தடுப்பு வைத்தால், சக்கரம் தேயும்போது அது 13 மி.மீ.க்கு இறங்கிவிடும். லெவல் கிராசிங்கிலோ, தண்டவாளத்தை ஒட்டி உள்பக்கம் கொஞ்சம் எழும்பி நிற்கும் செக் ரெயிலிலோ ஒரு தட்டு தட்டினால் போதும். பிய்ந்து சக்கரத்துக்கு அடியிலேயே போகும், வண்டி தடம் புரளும். அதற்குப் பயந்து நூறு, நூற்றிருபது மி.மீ. உயர்த்தி வைத்தால்? உங்கள் கையைத் தரையில் வைத்து உயரத்தைப் பாருங்கள். கணுக்காலைக் கிடத்திப் பாருங்கள். இரண்டும் அந்தச் சந்தில் தாராளமாகப் போகும். அதாவது, பாதுகாப்பான உயரத்தில் வைத்த தடுப்பு எந்த உறுப்பைக் காக்க வைத்தோமோ அதைக் காக்காது. தேய்மானத்துக்கு ஏற்ப அவ்வப்போது இறக்கி ஏற்றிச் சரிசெய்யலாமே என்பீர்கள். ஒரு கிரேனில் செய்யலாம். இந்திய ரயில்வேயில் சுமார் மூன்று லட்சம் வேகன், ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சக்கரம். இன்றைக்குக் குஜராத்தில் நிற்பது அடுத்த வாரம் தூத்துக்குடியில் நிற்கும். யார், எந்த ஊரில் நிறுத்தி அளப்பது?

பக்கவாட்டில் தகடு அடித்து மூடும் யோசனைக்கு இன்னொரு தடை இருக்கிறது, அது என் தொழில் சம்பந்தப்பட்டது. வண்டி யார்டுக்குள் நுழையும்போது நாங்கள் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்ப்போம். ரோலிங்-இன் பரிசோதனை என்று பெயர். சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா, பிரேக் கட்டை ஒட்டிக்கொண்டு புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா, ஆக்சில் பெட்டி சூடாகியிருக்கிறதா என்பதையெல்லாம் கண்ணும் காதும் மூக்கும்தான் பிடிக்கும். தகடு அடித்தால் இது அத்தனையும் மறைந்துபோகும். ஒரு ஆக்சில் முறிந்தால் போகிற உயிர்களின் கணக்கு வேறு. இது வெறும் ஊகம் இல்லை. உலகின் மிக வேகமான நீராவி எஞ்சின் என்று 1938-ல் மணிக்கு 126 மைல் ஓடிச் சாதனை செய்த 'மல்லார்ட்' எஞ்சினுக்குச் சக்கரங்களை மறைத்து அழகான தகட்டுப் பாவாடை இருந்தது. காற்றைக் கிழிக்க நைஜல் கிரெஸ்லி வைத்தது. இரண்டாம் உலகப் போர் வந்து பராமரிக்க ஆளும் நேரமும் குறைந்தபோது, அந்த ஏ4 வகை எஞ்சின்கள் எல்லாவற்றிலிருந்தும் முதலில் கழற்றியது அந்தப் பாவாடையைத்தான். உள்ளே கை விட்டு எண்ணெய் போட முடியாத சக்கரம் யாருக்கும் வேண்டாம்.

அப்படியானால் சக்கரத்தில் சிக்கிச் சாவதைத் தடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. நூற்று முப்பது வருடத்துக்கு முன்பே ஒரு நாடு அதைச் செய்து காட்டியது. அவர்கள் தொட்டது சக்கரத்தை இல்லை, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் இடத்தை.

அன்றைய அமெரிக்கச் சரக்கு வண்டியில் பெட்டிகளை இணைத்தது ஒரு இரும்பு வளையமும் ஒரு ஊசியும். எதிரே பெட்டி உருண்டு வரும்போது பிரேக்மேன் என்ற தொழிலாளி நடுவில் நின்று, வளையத்தைக் கையால் பிடித்து எதிர்ப்பெட்டியின் வாய்க்குள் வழிகாட்டி, சரியான கணத்தில் ஊசியைப் போட வேண்டும். ஒரு நொடி தவறினால் விரல். கால் இடறினால் சக்கரம். பிரேக் பிடிப்பதும் அப்படியே. ஓடும் வண்டியின் கூரைமேல் பெட்டிக்குப் பெட்டி தாண்டி ஓடி, கைச் சக்கரத்தைத் திருகுவார்கள். பனிக்காலத்தில் கூரை முழுக்க ஐஸ். வழுக்கினால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, நேராகத் தண்டவாளத்தில். அங்கே அந்த நாளில் விரல் குறைந்த கை என்றால் 'அனுபவசாலி' என்று அர்த்தம். 1893-ம் ஆண்டுக் கணக்கில் பெட்டி இணைக்கும் வேலையில் மட்டும் இறந்த அமெரிக்க ரயில் தொழிலாளிகள் 433 பேர், காயம்பட்டவர்கள் 11,277 பேர்.

இத்தனைக்கும் தீர்வு கையில் இருந்தது. வாஷிங்டன் நகருக்குப் பக்கத்திலிருக்கும் அலெக்சாண்ட்ரியாவில் ஜவுளிக்கடை எழுத்தராக இருந்த ஈலை ஜானி, இரண்டு கைகள் விரல் மடக்கிக் கோத்துக்கொள்வது போன்ற ஒரு கப்ளரை, அதாவது பெட்டி இணைப்பானை, மரத்தில் செதுக்கிப் பார்த்து, 1873-ல் காப்புரிமை வாங்கினார். பெட்டி மோதினால் தானே பூட்டிக்கொள்ளும். நடுவில் ஆள் வேண்டாம். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக் அதற்கு முன்பே, 1869-லேயே வந்துவிட்டது. கூரைமேல் ஓட வேண்டாம். இருந்தும் இருபது வருடம் கம்பெனிகள் சரக்கு வண்டிகளுக்கு அவற்றைப் பரவலாக மாட்டவில்லை. பெட்டிக்கு இத்தனை டாலர் செலவு என்பதுதான் காரணம். ஐயோவா மாநிலத்து விவசாயி லொரென்சோ காஃபின் 1874-ல், தன் கண்ணெதிரே ஒரு பிரேக்மேன் மிச்சமிருந்த விரல்களையும் இழந்ததைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்த மனிதர் கிட்டத்தட்ட இருபது வருடம் வேறு வேலையே செய்யவில்லை. கடிதம் எழுதினார், மேடையேறிப் பேசினார், மாநில ரயில்வே கமிஷனராகி நெருக்கினார். குடியரசுத் தலைவர் ஹாரிசன் 1889-ல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில், நேர்மையான வேலை செய்யும் தொழிலாளி போர்க்களச் சிப்பாய்க்கு நிகரான ஆபத்தில் இருப்பது நாகரிகத்துக்கே இழுக்கு என்று எழுதினார். 1893 மார்ச் 2-ல் சட்டம் கையெழுத்தானது. தானியங்கிக் கப்ளர், காற்று பிரேக், பெட்டியின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எல்லாம் கட்டாயமாயின. ஏணி, படி, கைபிரேக் பற்றிய விதிகள் 1910-ல் சேர்ந்தன.

அவகாசம் கேட்டுக் கேட்டு, சட்டம் முழுதாக அமலுக்கு வந்தது 1900 ஆகஸ்ட் 1-ல். நான்கே நாளில், ஆகஸ்ட் 5 அன்று, யூட்டா மாநிலத்தின் பிரமான்ட்டரியில் ஒரு பிரேக்மேன் எஞ்சினோடு ஓர் உணவுப் பெட்டியை இணைக்கும்போது கையை இழந்தார். இரண்டு பக்கமும் தானியங்கிக் கப்ளர்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு வகை, ஒன்றோடொன்று பூட்டவில்லை. கீழ் நீதிமன்றங்கள் கைவிட்டன. எஞ்சின் என்பது சட்டம் சொல்லும் 'கார்' ஆகாது என்றுகூட வாதம் நடந்தது. 1904-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, தொழிலாளி நடுவில் போகாமல் இருப்பதுதான் சட்டத்தின் நோக்கம், ஒன்றோடொன்று பூட்டாத கப்ளர் அந்த நோக்கத்தை நிறைவேற்றாது என்று தீர்ப்புச் சொன்னது. நடுவில் போக வேண்டியிருக்கிறதா, இல்லையா? எந்தப் பாதுகாப்புக் கருவியையும் நான் இந்த ஒரு கேள்வியால்தான் அளப்பேன்.

பிரிட்டன் வேறு முனையிலிருந்து வந்தது. அங்கே சரக்கு வேகனுக்குக் கைபிரேக் நெம்புகோல் ஒரு பக்கம்தான் இருந்தது. வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் தொழிலாளியான ஷன்டர் எதிர்ப்பக்கம் நின்றால், பிரேக் போட நகரும் வேகன்களுக்கு நடுவே புகுந்து போவார். ரயில்வே தொழிலாளர் விபத்துகளைத் தடுக்க 1900-ல் வந்த சட்டத்தின் பட்டியலில் முதல் வரிசையில் இருந்தது, இரண்டு பக்கமும் நெம்புகோல் வைப்பது. அதே பட்டியலில் யார்டு விளக்குகள், காலை இடறவைக்கும் பாயிண்ட் ராடுகளுக்கும் சிக்னல் கம்பிகளுக்கும் மூடி என்றெல்லாம் வரும். கனடா 1888-லேயே இன்னொன்று செய்தது. பாயிண்டிலும் கிராசிங்கிலும் இரண்டு தண்டவாளங்கள் ஆப்பு வடிவில் நெருங்கும் சந்தில் பூட்ஸ் மாட்டிக்கொண்டால் வெளியே வராது. வேகன் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சந்துகளை அடைத்து வைக்க வேண்டும் என்று ரயில்வே சட்டத்திலேயே எழுதினார்கள். சக்கரத்துக்கு மூடி போட முடியவில்லை, காலைப் பிடித்துக்கொள்ளும் குழியை மூட முடிந்தது.

நம் ஊருக்கு வருவோம். நம் பயணிகள் பெட்டிகளில் பல தலைமுறையாக இருந்தது இரண்டு ஓரமும் மோதலைத் தாங்கும் பஃபர், நடுவில் திருகுக் கப்ளிங். பாயிண்ட்ஸ்மேன் பஃபருக்கு அடியில் குனிந்து உள்ளே போய், கனத்த இரும்பைத் தூக்கி மாட்டித் திருக வேண்டும். சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலை 1955 முதல் செய்துவந்த அந்த வகைப் பெட்டிகளை 2018 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது. அதற்குப் பதிலாக வந்த எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டிகளில் நடுக் கப்ளர், பக்கத்திலிருந்தே கைப்பிடியால் விடுவிக்கலாம். சரக்கு வேகன்களிலும் நடுக் கப்ளர்தான். ஆனாலும் முழு விடுதலை இல்லை. பிரேக் காற்றுக் குழாய்களைக் கையால்தான் இணைக்க வேண்டும், அதற்கு இன்னும் உள்ளே போகிறோம். 2024 நவம்பர் 9-ம் தேதி பீகாரின் பரவுனி ஜங்ஷனில், எஞ்சினைப் பெட்டியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், எஞ்சின் பின்னால் நகர்ந்ததால் நடுவில் நசுங்கி இறந்தார். படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சக்கரத்துக்கு எந்தக் கவசம் இருந்திருந்தாலும் அவருக்கு உதவியிருக்காது. உள்ளே ஆள் இருக்கும்போது எஞ்சின் நகரவே கூடாது என்ற ஒரே பூட்டு மட்டும்தான் உதவியிருக்கும்.

அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்புக் குழு 2012-ல் கொடுத்த அறிக்கையில், 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை பணியில் இறந்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர், காயம்பட்டவர்கள் சுமார் 8,700 பேர் என்று இருக்கிறது. ரயில் கவிழ்ந்தால் மறுநாள் முதல் பக்கச் செய்தி. இவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தண்டவாளத்தில் வேலை செய்யும் டிராக்மேன்களும் கீமேன்களும் வேறு ஒரு கதை. ஒரு லைனில் வரும் வண்டிக்கு ஒதுங்கி அடுத்த லைனில் நின்று, அங்கே வரும் வண்டியில் அடிபடுவார்கள். மணிக்கு 110 கி.மீ. வண்டி ஒரு நொடியில் முப்பது மீட்டர் வந்துவிடும். அவர்களுக்கு வேண்டியது முன்கூட்டியே வரும் எச்சரிக்கை. 'ரக்ஷக்' என்ற கையடக்க எச்சரிக்கைக் கருவி அதற்காகத்தான் வந்தது. உங்கள் அண்ணனுக்கு அந்த ஆபத்து இல்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

இனி உங்கள் அண்ணனின் சைடிங். நான் பார்த்த தனியார் சைடிங்குகளில் கால் போனதும் உயிர் போனதும் பெரும்பாலும் நான்கு விதமாகத்தான்: நின்ற வேகன் சரிவில் உருண்டது, எஞ்சின் வந்து ரேக்கில் (கோத்து நிற்கும் வேகன் வரிசையில்) முட்டியதும் மறுகோடியில் நின்ற வேகன் குதித்தது, குறுக்கு வழியாக வேகனுக்கு அடியில் நுழைந்தது, கடப்பாரையால் நெம்பி வேகனை நகர்த்தியபோது கால் சறுக்கியது.

சரிவை முதலில் பாருங்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும், ஆனால் இருக்காது. ஸ்டேஷன் யார்டுகளில் சரிவு 400-க்கு 1-க்கு மேல் போகக் கூடாது, 1200-க்கு 1 இருந்தால் நல்லது என்று ரயில்வேயின் அளவு விதிகள் சொல்கின்றன. நானூறு அடி நீளத்துக்கு ஒரு அடி இறக்கம் யார் கண்ணுக்குத் தெரியும்? ரோலர் பேரிங் வேகனுக்குத் தெரியும். அதனால் எஞ்சின் விட்டுப்போன ஒவ்வொரு ரேக்கிலும் கைபிரேக் இறுக்கித் திருகியிருக்க வேண்டும், இரண்டு கோடியிலும் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்திருக்க வேண்டும். காற்று பிரேக் பிடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எஞ்சின் போன பிறகு காற்று மெல்லக் கசியும், சில மணி நேரத்தில் பிரேக் தளர்ந்துவிடும். மதியம் அசையாமல் நின்ற ரேக் மாலையில் தானாகக் கிளம்புவது இப்படித்தான். கட்டை என்றால் அதற்கென்று ஆப்பு வடிவில் செய்த மரக்கட்டை அல்லது இரும்பு ஸ்கிட். ஜல்லிக் கல்லையோ செங்கல்லையோ வைத்துவிட்டு உள்ளே போவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பதினொரு டன் சக்கரம் செங்கல்லைத் தூளாக்கிவிட்டுப் போகும்.

இரண்டாவது, கொடி. வேகனுக்கு அடியிலோ நடுவிலோ ஆள் போகும்போது ரேக்கின் இரண்டு முனையிலும் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. நாங்கள் அது இல்லாமல் தொடமாட்டோம். அமெரிக்காவில் இதற்கு நீலக் கொடி, அதோடு ஒரு கண்டிப்பான விதி. எந்தப் பிரிவு ஆட்கள் வைத்தார்களோ அவர்கள்தான் எடுக்கலாம். டிரைவரோ சூப்பர்வைசரோ தொடக் கூடாது. இந்த விதியை ஒரு பைசா செலவில்லாமல் உங்கள் சைடிங்கில் கொண்டுவரலாம். இன்னும் நல்லது, சைடிங் பாயிண்டைக் கிளாம்ப் போட்டுப் பூட்டி, சாவியை உள்ளே வேலை செய்கிறவர் இடுப்பில் வைத்துக்கொள்வது. என்னுடைய மூத்த தொழிலாளி ஒருவர் சாவியை யாரிடமும் கொடுக்கமாட்டார், சாப்பிடப் போனாலும் கொண்டுபோவார். அப்போது எங்களுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. அவர் குழுவில் ஒருவருக்குக்கூட நகம் பெயரவில்லை.

மூன்றாவது, வழி. லோடிங் மேடையிலிருந்து கழிப்பறைக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ போக ரேக்கைச் சுற்றி அரை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தால் எல்லாரும் அடியில் நுழைவார்கள். 'நுழையாதே' என்று பலகை வைத்துப் பயனில்லை. தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும், அல்லது ரேக்கை நடுவில் பிரித்து அகலமான வழி விட வேண்டும். ஓரடி சந்து விட்டால் அது வழி ஆகாது, பொறி. ஒரு சின்ன முட்டலில் மூடிக்கொள்ளும்.

நான்காவது, கடப்பாரை. ஒரு வேகன் நீளம் நகர்த்தத்தானே என்று நான்கு பேர் நெம்புவார்கள். உருள ஆரம்பித்த 91 டன்னை நான்கு பேர் நிறுத்த முடியாது. இதற்கென்று கம்பி வடம் இழுக்கும் வின்ச் இருக்கிறது, ரேக்கை நகர்த்தும் சிறு வண்டிகள் இருக்கின்றன. ஒரு சிமென்ட் ஆலைக்கு அது பெரிய செலவில்லை. தொழிலாளர்கள் கூட்டாகக் கேட்க வேண்டிய இயந்திரம் என்று நான் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் சைகை காட்ட வேண்டும், டிரைவருக்கு அவர் மறைந்துவிட்டால் வண்டி உடனே நிற்க வேண்டும் என்பதையும் இதோடு சேருங்கள்.

ஆலைக்குள்ளேயே ஓடும் தள்ளுவண்டிகள், தண்டவாளத்தில் போகும் டிரான்ஸ்ஃபர் கார்கள், கிரேன்கள் இருந்தால், அவற்றுக்கு நீங்கள் கேட்ட சக்கரத் தடுப்பை அவசியம் கேளுங்கள். அங்கே அது வேலை செய்யும், ஆலையின் பட்டறையிலேயே வெல்டிங் செய்துகொள்ளலாம். தண்டவாளத்தை எவ்வளவு ஒட்டி இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கச் சொல்லுங்கள்.

காலை இழந்தவர் விஷயமாக ஒன்று. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், அதனால் ஆலைக்குப் பொறுப்பில்லை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இழப்பீட்டுச் சட்டத்தில் முதன்மை முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டில் ஆலை விபத்துகளை விசாரிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். அங்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் அண்ணனை உட்காரவைத்து, அன்றைக்குக் கைபிரேக் போட்டிருந்ததா, கட்டை இருந்ததா, எஞ்சின் எத்தனை மணிக்குப் போனது, வேகன் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் உருண்டது, யார் சைகை காட்டினார், வெளிச்சம் எப்படி இருந்தது என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். பக்கத்தில் நின்றவர்களிடமும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். ரேக் கிளம்பிப் போனபிறகு அந்த இடத்தில் எதுவும் மிச்சமிருக்காது.